மரச்சீனி நாட்டில் மாவைக் குறைத்த கதை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்ட பதிவு. கொஞ்சம் நீளம்தான். ஒரு சாயா போட்டு எடுத்துட்டு வந்து உக்காருங்க. சீனி போடாம :-)

போன மாசம் எங்க சொந்தத்தில் ஒரு கல்யாணம். நாகர்கோவில் கல்யாணப் பந்தி எப்படி இருக்கும்னு ஊர்க்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம். வெளியூர் மக்களுக்காகச் சொல்றேன். பருப்பு, நெய், பப்படம், சாம்பார், அவியல், எரிசேரி, இஞ்சிக்கறி, புளிசேரி, ரசம், ஏத்தங்காய் உப்பேரி. அதெல்லாம் சும்மா முன்னோட்டம். மெயின் படம் அதுக்குப் பிறகுதான். அடைப் பிரதமன், சிறுபயறுப் பிரதமன், பால் பாயசம். பிரதமனை இலையில் ஊத்தி, மட்டிப் பழத்தை உரிச்சு, பப்படத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைஞ்சு அடிக்கணும்.

நான் அவியலையும் துவட்டலையும் இன்னொரு தடவை கேட்டு வாங்கிட்டு, சோறு வேண்டாம்னு கையை நீட்டினேன். பக்கத்து இலை மாமா கேட்டாரு: "என்னடே, ஒரு கரண்டி பிரதமன் குடிச்சா உயிரா போயிரும்?"

ஒரு கரண்டியில் போகாது மாமா. எங்க அப்பாவுக்கு முதல்ல கால் விரல் போச்சு, பிறகு பாதம் போச்சு, உயிர் கடைசியிலதான் போச்சு. இதைப் பந்தியில் உக்காந்து சொல்ல முடியுமா? சிரிச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

ஆனா ஒரு கேள்வி மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. இந்த இலை இப்படி மாவுச்சத்தா நிறைஞ்சது எப்போ? இதைக் குறைக்க நினைச்சவங்க முன்னாடி யாராவது உண்டா? அவங்களால எத்தனை நாள் தாக்குப்பிடிக்க முடிஞ்சுது?

முதலில் நம்ம ஊர்

தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் சேர்ந்த நாஞ்சில் நாடு, திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் நெற்களஞ்சியம். 1897-ல் தொடங்கி 1906-ல் முடிந்த பேச்சிப்பாறை அணை வந்த பிறகு வயலுக்குத் தண்ணி இன்னும் உறுதியாச்சு. அணையைக் கட்டின இஞ்சினியர் மிஞ்சினை இன்னைக்கும் ஊரில் மரியாதையோடதான் சொல்லுவாங்க. பழையாத்துப் பாசனமும் கோதையாத்துத் தண்ணியும் இருக்கிற ஊரில், சோறுங்கறது சாப்பாட்டின் ஒரு பகுதி இல்லை. சோறுதான் சாப்பாடு. மத்ததெல்லாம் தொட்டுக்க.

மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் போனா கதை வேற. அது மேட்டு நிலம், செம்மண். அங்க மரச்சீனி. (மரவள்ளி, குச்சிக்கிழங்குன்னு மத்த ஊர்ல சொல்றதைத்தான் நாங்க மரச்சீனின்னு சொல்லுவோம்.) தென்னமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் வழியா வந்த கிழங்கு இது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா இதை ஏழைகளின் உணவாப் பரப்ப முயற்சி எடுத்தார். அப்புறம் இரண்டாம் உலகப் போர். 1942-ல் பர்மா ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துட்டிருந்த அரிசி நின்னு போச்சு. திருவிதாங்கூர் பட்டினியைப் பாத்துச்சு. அந்தக் காலத்துல உயிரைப் பிடிச்சு வச்சது மரச்சீனிதான். எங்க ஆச்சி சாகிற வரைக்கும் மரச்சீனியைப் பத்தி யாரு குறை சொன்னாலும் விடமாட்டா. "அது இல்லன்னா நீங்க எவனும் இல்லடே"ன்னு சொல்லுவா.

அதனால ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். நம்ம முன்னோர் முட்டாத்தனமா மாவைத் தின்னாங்கன்னு நான் சொல்ல வரல. அவங்க வயல்ல நின்னாங்க, மரம் ஏறினாங்க, சுமை தூக்கினாங்க. இலையில் விழுந்தது உடம்புல தங்கல. நான் பேங்க் கவுண்டர்ல இருபத்தஞ்சு வருஷம் உக்காந்தவன். இலை அதேதான், உழைப்புதான் மாறிப்போச்சு.

நெய்யூரும் குன்னூரும்

நம்ம சாப்பாட்டை மருத்துவக் கண்ணோட முதலில் பாத்தவங்களில் ஒருத்தர் ஒரு மலையேறி. ஆச்சரியமா இருக்கா? 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் போன ஹோவர்ட் சோமர்வெல்தான் அவர். 1922 பயணம் முடிஞ்சு இந்தியாவைச் சுத்திப் பாக்க வந்தவர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிக் கூட்டத்தைப் பாத்துட்டு, லண்டன்ல காத்திருந்த பெரிய வேலையை விட்டுட்டு இங்கேயே டாக்டரா வந்து சேர்ந்தார். நெய்யூர்ல அவர் கத்திக்கு வந்த வயித்துப்புண் கேஸ்கள் ஏராளம். இங்க மட்டும் ஏன் இவ்வளவுன்னு அவரும் கூட இருந்தவங்களும் யோசிச்சப்போ, சந்தேகம் சாப்பாட்டு மேல விழுந்துச்சு.

அதே காலத்தில் குன்னூர்ல ராபர்ட் மெக்காரிசன் எலிகளை வச்சு ஆராய்ச்சி பண்ணிட்டிருந்தார். இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் சாப்பிடற சாப்பாட்டை எலிகளுக்குக் குடுத்துப் பாத்தார். கோதுமை, பால், பருப்பு, காய்கறின்னு சீக்கியர் சாப்பாடு தின்ன எலிக்கு வயித்துப்புண் இல்லை. மரச்சீனியும் அரிசியுமா திருவிதாங்கூர் ஏழைகளின் சாப்பாடு தின்ன எலிகளில் நாலில் ஒரு பங்குக்கும் மேல புண் வந்துச்சு. வயித்துப்புண்ணுக்குப் பெரிய காரணம் ஒரு பாக்டீரியான்னு 1980-களில் தெரிஞ்சு போச்சு. அதைக் கண்டுபிடிச்ச மார்ஷலுக்கும் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசும் கிடைச்சுது. அதனால பழி முழுக்கக் கிழங்கு மேல போட முடியாது. ஆனா 'ஏழையின் இலையில் மாவு இருக்கு, புரதம் இல்லை'ன்னு மெக்காரிசன் கண்டது இன்னைக்கும் பொய்யாகல.

ஐ.சி.எம்.ஆர். துணையோட நாடு முழுக்க நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2023-ல் வந்துச்சு. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை நோய். வயசு வந்தவங்களில் 11.4 சதவீதம். அதே குழுவின் 2025 அறிக்கைப்படி, நாம சாப்பிடற கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்துதான் வருது. எலி ஆராய்ச்சி முடிஞ்சு தொண்ணூறு வருஷம் ஆகியும் இலை பெருசா மாறல.

குறைச்சவங்க கதை

மாவைக் குறைக்கிறது ஏதோ நேத்து வந்த ஃபேஷன்னு நினைக்காதீங்க. 1797-ல் ஜான் ரோலோங்கற ராணுவ டாக்டர் ஒரு புத்தகம் போட்டார். கேப்டன் மெரிடித்னு ஒரு பீரங்கிப்படை அதிகாரி. சர்க்கரை நோயாளி. மாவைக் குறைச்சு, கறியும் கொழுப்புமா குடுத்தார். நோய் அடங்கிச்சு. அடுத்து ஒரு ஜெனரல் வந்தார். அவருக்கும் இதே பத்தியம்தான். ஆனா அவரால வாயைக் கட்ட முடியல. பலனும் நிக்கல. இந்த ரெண்டாவது ஆளை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னாடி வருவாரு.

1862-ல் லண்டன்ல வில்லியம் பாண்டிங்னு ஒருத்தர். சவப்பெட்டி செஞ்சு, பெரிய இடத்து இறுதிச் சடங்குகளை நடத்திக் கொடுக்கிற தொழில். 65 வயசு, அஞ்சே காலடிக்குக் கொஞ்சம் கூட உயரம், 202 பவுண்டு, அதாவது சுமார் 92 கிலோ. குனிஞ்சு ஷூ கயிறு கட்ட முடியாது. படியில இறங்கணும்னா பின்பக்கமா இறங்குவார். படகு வலிச்சார், குளியல் சிகிச்சை எடுத்தார், ஒண்ணும் வேலைக்காகல. கடைசியில் காது மந்தமாயிடுச்சுன்னு வில்லியம் ஹார்வேங்கற காது டாக்டரைப் பாக்கப் போனா, அவர் சொன்னாராம்: ரொட்டி, சர்க்கரை, பால், பீர், உருளைக்கிழங்கை விடு. ஒரு வருஷத்தில் 46 பவுண்டு, அதாவது 21 கிலோ குறைஞ்சுது.

மனுஷன் அடுத்து என்ன செஞ்சார் தெரியுமா? 1863-ல் தன் கதையை ஒரு சின்னப் புத்தகமா எழுதி, சொந்தக் காசில் அச்சடிச்சு, இலவசமாக் குடுத்தார். சொந்தக் காசு, சொந்தக் கதை, இலவச வினியோகம். சக பதிவர்களே, இவரு நம்ம ஆளு :-) அப்புறம் அவருக்குக் கடிதமாக் குவிஞ்சுது. அவர் பேரே ஒரு வினைச்சொல்லாகி, 'நீ பாண்டிங் பண்றியா?'ன்னு கேக்கற அளவுக்குப் போச்சு.

ஆக, வழி தெரிஞ்சு இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்புறம் என்ன பிரச்சினை? அந்த ஜெனரல்தான் பிரச்சினை. 2021-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல 23 ஆய்வுகளைச் சேர்த்துப் பாத்த ஒரு கட்டுரை வந்துச்சு. மாவைக் குறைச்ச சர்க்கரை நோயாளிகளில் ஆறு மாசத்தில் 57 சதவீதம் பேருக்கு நோய் பின்வாங்கிச்சு. மத்தவங்களில் 31 சதவீதம்தான். சூப்பர் இல்ல? ஆனா பன்னெண்டு மாசத்தில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைஞ்சு போச்சு. எனக்கு இதுல அதிசயமே இல்லை. ஆறு மாசம் யார் வேணும்னாலும் வீரனா இருக்கலாம். ஏழாவது மாசம் ஓணம் வரும், தீவாளி வரும், கொழுந்தியா கல்யாணம் வரும்.

குளியலறையில் ஒளிச்ச பிஸ்கட்

இந்த இடத்துலதான் ஜீன் நிடெச் வர்றாங்க. நியூயார்க், குவீன்ஸ் பகுதி. 1961. 214 பவுண்டு எடை. கடையில் பாத்த ஒரு அம்மா 'எப்போ பிரசவம்?'னு கேட்டுட்டாங்க. இவங்க கர்ப்பமா இல்லை. மறுபடி எடை குறைக்க முடிவு பண்ணி நகர சுகாதாரத் துறையின் கிளினிக்குக்குப் போனாங்க. நல்ல டயட் சார்ட்தான் குடுத்தாங்க. ஆனா வீட்டுல, குளியலறை அழுக்குத்துணிக் கூடைக்குள்ள பிஸ்கட் ஒளிச்சு வச்சுத் தின்னுட்டிருந்தாங்க. கிளினிக்ல கேட்டா 'இல்லவே இல்லை'ன்னு சாதிச்சாங்க.

ஒரு கட்டத்தில் மனசு தாங்காம, ஆறு சிநேகிதிகளை வீட்டுக்குக் கூப்பிட்டு அந்தப் பிஸ்கட் ரகசியத்தைப் போட்டு உடைச்சாங்க. அவங்க திட்டல. ஒவ்வொருத்தியும் தன்னோட ஒளிவிடத்தைச் சொல்ல ஆரம்பிச்சா! வாராவாரம் கூடினாங்க. நிடெச் 72 பவுண்டு குறைச்சாங்க. 1963-ல் அது வெயிட் வாட்சர்ஸ் கம்பெனி ஆச்சு. அவங்க டயட் மாவை விலக்கின டயட் இல்லை. அது வேற ரகம். ஆனா அவங்க கண்டுபிடிச்சது டயட்டே இல்லை. பிஸ்கட் தின்னதைச் சொல்லிட்டு அடுத்த வாரமும் வரலாம்கற ஒரு இடம். அந்த பிரம்மாண்டக் கம்பெனி எடை குறைக்கிற ஊசி மருந்துகளோட போட்டி போட முடியாம 2025 மே மாதம் திவால் பாதுகாப்பு கேட்டு மனுப் போட்டது தனிக் கதை. ஊசி பசியை அடக்கும். ஆனா பக்கத்துல உக்காந்து கேக்கறதுக்கு ஆள் வேணுமே.

தமிழ்ல இதுக்கு நிகர், நம்ம வலைப்பதிவுக் காலத்து ஆளான நியாண்டர் செல்வன். அமெரிக்காவில் இருந்துக்கிட்டு, 2010-களில் 'ஆரோக்கியம் & நல்வாழ்வு' குழுவை நடத்தினார். கிழக்கு பதிப்பகம் போட்ட அவரோட 'பேலியோ டயட்' புத்தகம் வீடு வீடாப் போச்சு. 100 பாதாம், பட்டர் டீ, நாலு முட்டை. இந்த வார்த்தைங்க தெரியாத தமிழன் அப்போ கிடையாது. எதிர்த்த டாக்டர்களும் உண்டு, சேர்ந்த டாக்டர்களும் உண்டு. ஆனா ஒண்ணைக் கவனிச்சீங்களா? ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பொதுவில் வச்சு, முகம் தெரியாத ஒருத்தர் சம்பளம் வாங்காம சார்ட் போட்டுக் குடுத்தாரு. சர்க்கரை நோயைச் சம்பந்தி வீட்டுக்குத் தெரியாம மறைக்கிற சமூகத்தில் இது சின்ன விஷயம் இல்லை.

எங்க ஆறு பேர்

2017 ஜனவரி. எனக்கு மூணு மாச சராசரி சுகர் 8.9. அப்பா கால் ஞாபகம் வந்துச்சு. வடசேரி அண்ணா ஸ்டேடியத்தில் காலைல நடக்கிற கோஷ்டியில் ஆறு பேர் சேர்ந்தோம். தலைவர் யாருன்னா, கோட்டாறுல அரிசிக் கடை வச்சிருக்கிற அண்ணாச்சி! மூட்டை நிறுக்கிற தராசுலதான் சனிக்கிழமை தோறும் எங்களை நிறுத்தாரு. "அரிசியைத் திங்காதவனை அரிசித் தராசுல நிறுக்கேன், எனக்க விதி"ன்னு சொல்லிச் சிரிப்பாரு.

நம்ம ஊர்ல இந்தச் சாப்பாடு கஷ்டமே இல்லை. சாளை, அயிலை, நெத்தோலி, தேங்காய், முட்டை, கீரை, அவியல். வெந்த சோறு நூறு கிராமில் மாவுச்சத்து சுமார் 28 கிராம், மரச்சீனியில் 38-க்குப் பக்கம். மீனில் ஒண்ணுமே இல்லை. கருப்பட்டி சுகருக்கு நல்லதுன்னு சொல்லிக்கிட்டிருந்த எனக்கு, கருப்பட்டியும் சர்க்கரைதான்டேன்னு புத்தி வந்ததும் அப்போதான்.

எங்களில் ஒருத்தர் ரிட்டயர்டு வாத்தியார். நாலு மாசம் பிரமாதமாக் குறைச்சாரு. அஞ்சாவது மாசம் தராசு முள்ளு ஏற ஆரம்பிச்சுது. ஒரு சனிக்கிழமை, அவரு ஒரு சாயாக்கடையில் பழம்பொரி தின்னதை நான் பாத்ததை எல்லார் முன்னாடியும் சொன்னேன். தமாஷாத்தான் சொன்னேன். எல்லாரும் சிரிச்சோம். அடுத்த வாரத்திலிருந்து அவரை 'பழம்பொரி சார்'னு கூப்பிட்டோம். அவரும் சிரிச்சாரு. ரெண்டு வாரம் வந்தாரு. அப்புறம் வரல.

'கட்டுப்பாடு இல்லாத மனுஷன்'னு நாங்க பேசி முடிச்சுட்டோம். நான் போய்ப் பாக்கல. ஒரு வருஷம் கழிச்சு ஒரு கண் ஆஸ்பத்திரி வராந்தாவில் பாத்தேன். சர்க்கரையால விழித்திரையில ரத்தக்கசிவு, லேசர் வைக்க வந்திருந்தாரு. மாத்திரையையும் ஒழுங்காப் போடலையாம். "சார், ஏன் வரல?"ன்னு கேட்டேன். "முப்பது வருஷம் பிள்ளைகளை எந்திரிச்சு நிக்கச் சொன்னவன் சார் நான். இப்போ என்னை நிக்க வச்சிட்டிங்க"ன்னாரு.

எனக்கு அந்த இடத்தில் நிக்க முடியல. குழு இருந்தா மனசு தளராதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. தளர வைக்கிறதும் அதே குழுதான்னு யாரும் சொல்றதில்லை. ஒருத்தன் வழுக்கி விழுந்ததை நாலு பேர் முன்னாடி சொல்றதுக்கு வேண்டிய தைரியத்தை நாங்க அவருக்குக் குடுக்கல, நான் பறிச்சுட்டேன். நிடெச் கதையை நான் படிச்சது இதுக்கெல்லாம் பிறகு. அந்த ஆறு சிநேகிதிகளில் ஒருத்தி 'அடியே பிஸ்கட்டு'ன்னு பட்டப்பேரு வச்சிருந்தா அந்தக் கதை அன்னைக்கே முடிஞ்சிருக்கும்.

அடுத்த சனிக்கிழமை நான்தான் முதல்ல தராசுல ஏறினேன். ஏறி நின்னு, அந்த மாசம் நான் வீட்டுக்குத் தெரியாமத் தின்ன அச்சுமுறுக்கு, முந்திரிக்கொத்து, சர்க்கரை உப்பேரி எல்லாத்தையும் கணக்குச் சொன்னேன். யாரும் சிரிக்கல. அரிசி அண்ணாச்சி மெதுவா "பழையது ஒரு கும்பா"ன்னு சொன்னாரு. அரிசிக் கடைக்காரரு! அப்புறம் ஒவ்வொருத்தரா வந்துச்சு. அதுக்குப் பிறகு ரெண்டே சட்டம். ஒண்ணு, தன்னோட தப்பைத் தானே சொல்லணும், அடுத்தவன் தப்பைச் சொல்லக்கூடாது. ரெண்டு, ஒருத்தர் ரெண்டு சனிக்கிழமை வரலைன்னா ஒருத்தன் வீட்டுக்குப் போய்ப் பாக்கணும்.

முதல்ல வாத்தியார் வீட்டுக்குத்தான் போனோம். உடனே வரல. மூணாவது தடவை போனப்போ அவரு சம்சாரம் அயிலை பொரிச்சு வச்சிருந்தாங்க. அடுத்த வாரம் வந்தாரு. ஒரு கண்ணு முழுசாத் திரும்பல. இன்னைக்கும் ஸ்டேடியத்தில் என் தோளைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நடக்கிறாரு. என் சுகர் இப்போ 6.3, டாக்டர் மாத்திரையைப் பாதியாக் குறைச்சிருக்காரு. அவருக்கு 7.1.

கல்யாணப் பந்தியிலிருந்து எந்திரிச்ச அன்னைக்குச் சாயங்காலம் வாத்தியாருக்குப் போன் பண்ணி, "சார், பிரதமன் வாசனை தாங்கல"ன்னேன். "நாளைக்கு ஸ்டேடியத்துக்கு வாரும், ஒரு ரவுண்டு கூட நடப்போம்"னாரு. அவ்வளவுதான்.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்க, டாக்டர்கிட்ட சொல்லாம மாவைக் குறைக்காதீங்க. மருந்து அளவை மாத்தலைன்னா சுகர் திடீர்னு கீழ இறங்கி மயங்கிடுவீங்க. சில புது மாத்திரைகளோட இந்தச் சாப்பாடு சேர்ந்தா ரத்தத்தில் அமிலம் கூடற ஆபத்தும் உண்டு. கிட்னிப் பிரச்சினை உள்ளவங்க இன்னும் ஜாக்கிரதை. மத்தபடி, உங்க ஊர்ல உங்க ஆறு பேர் யாருன்னு யோசிச்சுப் பாருங்க. யாராவது ரெண்டு வாரமா வரலைன்னா, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாங்க.